காமின்கள்: நிலக்கரிச் சுரங்கமும் பெண்களைக் ‘காத்த’ சட்டங்களும்

1929 மார்ச்சில் காலனிய இந்திய அரசு சுரங்கச் சட்டத்தின்கீழ் ஒரு விதியை வெளியிட்டது. அந்த ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றது அந்த விதி. ஆனால் வங்காளம், பிகார்-ஒரிசா, மத்திய மாகாணம் ஆகியவற்றின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பஞ்சாபின் உப்புச் சுரங்கங்களுக்கும் பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது. நிலத்தடியில் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்ததே இந்த இடங்களில்தான். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குவோரில் பெண்கள் முதலில் 29 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு 26, அதற்கடுத்த ஆண்டு 23 என்று ஆண்டுக்கு 3 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்து, 1939 ஜூலையில் ஒருவர்கூட இல்லாதபடி செய்துவிட வேண்டும். உப்புச் சுரங்கங்களுக்கு 40 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு 4 வீதம் குறைக்கும் கணக்கு.

கணக்கு என்று பார்த்தால் துல்லியமானதுதான். ஆனால் ஆண்டுதோறும் கழிக்கப்படும் அந்த மூன்று சதவீதப் பெண்கள் எங்கே போவார்கள், எதைச் சாப்பிடுவார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. மாற்று வேலை, இழப்பீடு, நிலம் என்று எதுவும் அந்த விதியில் கிடையாது. சுரங்க முதலாளிக்குத் தன் தொழிலைச் சரிசெய்துகொள்ளப் பத்தாண்டு கிடைத்தது. வேலையை இழந்தவளுக்கு ஒரு நாள்கூட அவகாசம் பேசப்படவில்லை.

இந்தியத் தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்கள் இந்தத் தடையைப் பெண்களுக்குக் கிடைத்த பாதுகாப்பாகவே குறிப்பிடுகின்றன. சுரங்கம் ஆபத்தான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1929 தொடங்கி 2019 வரை இந்தத் தடை போடப்பட்டு, விரைவுபடுத்தப்பட்டு, நீக்கப்பட்டு, மீண்டும் போடப்பட்டு, பிறகு பாதி தளர்த்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்தது எது என்று தேடினால் நிலக்கரியின் தேவை தென்படுகிறது; ஆண்களின் கூலி தென்படுகிறது; குடும்பம், ஒழுக்கம் பற்றிய கவலை தென்படுகிறது. அந்தப் பெண்களின் பிழைப்பு மட்டும் தென்படுவதில்லை. சட்டம் அவர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து வெளியேற்றியது. நிலக்கரியிலிருந்து அவர்கள் வெளியேறவில்லை.

1. குடும்பமாக இறங்கியவர்கள்

இந்தியாவில் வணிக நோக்கில் நிலக்கரி வெட்டும் முயற்சி 1774இல் வங்காளத்தின் ராணிகஞ்ச் பகுதியில் தொடங்கியது. 1836இல் ராணிகஞ்ச் சுரங்கத்தைத் துவாரகநாத் தாகூர் வாங்கினார். அவர் கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார். 1843இல் பெங்கால் கோல் கம்பெனி உருவானது. 1855இல் ராணிகஞ்சுக்கு ரயில் வந்த பிறகு தொழில் விரிந்தது; 1890களில் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜாரியாவுக்கு ரயில் பாதை நீண்டபோது அது பன்மடங்காகப் பெருகியது. ரயில், சணல் ஆலை, நீராவிக் கப்பல் என்று பேரரசை ஓட்டிய எல்லாவற்றுக்கும் இந்தக் கரி தேவைப்பட்டது.

ஆழத்தில் இறங்க ஆட்கள் எளிதில் கிடைக்கவில்லை. சுரங்கக் கம்பெனிகள் சுற்றியிருந்த கிராமங்களின் ஜமீன் உரிமையையே வாங்கின. நிலத்தில் பயிர் செய்ய வேண்டுமானால் சுரங்கத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது குடியானவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. இப்படி வந்தவர்களில் சாந்தால் பழங்குடியினரும் பவுரி போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். வயலில் குடும்பமாக வேலை செய்து பழகியிருந்த அவர்கள் சுரங்கத்திலும் குடும்பமாகவே இறங்கினார்கள்.

ஆண் கரியை வெட்டுவான். அவனுக்கு ‘மால்கட்டா’ என்று பெயர். வெட்டிய கரியைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, தண்டவாளத்தில் நிற்கும் ‘டப்’ என்ற சிறு வண்டியில் கொட்டுபவள் பெண். அவளை ‘காமின்’ என்றார்கள். காமின் என்றால் வேலைக்காரி, கூலிக்காரி. கூலி நாளுக்கு இவ்வளவு என்று கிடையாது. நிரம்பிய வண்டிக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். வெட்டுபவனும் சுமப்பவளும் சேர்ந்து நிரப்பும் வண்டி அது. ஆனால் கணக்குப் பெரும்பாலும் ஆணின் பெயரில் எழுதப்பட்டது. கரி வெட்டுவதே திறமையான வேலை, சுமப்பது அதற்கு உதவி என்ற பாகுபாடும் அங்கிருந்தே தொடங்குகிறது. சுமக்க ஆளில்லாவிட்டால் வெட்டிய கரி குழிக்குள்ளேயே கிடக்கும் என்பதை அந்தக் கணக்கு காட்டவில்லை.

1920 வாக்கில் இந்திய நிலக்கரித் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். இவர்களின் நிலை பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் ஒன்று, 1920களின் தொடக்கத்தில் வங்காள அரசுக்காக டாக்டர் டாக்மர் கர்ஜெல் என்ற பெண் மருத்துவர் நடத்திய விசாரணை. பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தொழிலாளப் பெண்களின் நிலையை ஆராய்வதே அவருக்கு இடப்பட்ட பணி. கைக்குழந்தைகளை விட்டுவர இடமில்லாத தாய்மார்கள் அவர்களையும் குழிக்குள் தூக்கிச் சென்றார்கள். வேலை நேரத்தில் குழந்தை அழாமல் கிடக்க அபின் கொடுக்கும் வழக்கமும் தொழிலாளர் குடும்பங்களிடையே இருந்தது. இந்தச் செய்தி வெளியே தெரிந்தபோது படித்த வகுப்பினர் அதிர்ந்தார்கள். தாய்க்கு ஏன் அபின் தேவைப்பட்டது என்று கேட்டிருந்தால் பதில், குழந்தைக் காப்பகம் கட்டுவதிலும் பேறுகால ஊதியம் தருவதிலும் போய் நின்றிருக்கும். முதலில் வந்ததோ வெளியேற்றம். பேறுகால உதவிக்கான சட்டம் 1941இல்தான் வந்தது. சுரங்கங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பதற்கான விதிகள் 1946இல் வந்தன.

2. தடை வந்த வழி

சுரங்கத்தில் பெண்களைத் தடைசெய்யும் எண்ணம் பிரிட்டனில் உருவானது. 1842இல் அங்கே ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கை படங்களோடு வெளிவந்தது. அரைகுறை ஆடையில் சங்கிலி கட்டி வண்டி இழுக்கும் பெண்களின் படங்கள் நாட்டையே உலுக்கின. அவர்களின் களைப்பும் காயங்களும் பேசப்பட்டன. அவற்றைவிட அதிகமாக அவர்களின் உடையும், ஆண்களோடு இருட்டில் வேலை செய்யும் ‘ஒழுக்கக்கேடும்’ பேசப்பட்டன. அதே ஆண்டு வந்த சட்டம் பெண்கள் அனைவரையும், 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. வயதுவந்த பெண்ணும் சிறுவனும் சட்டத்தின் பார்வையில் ஒரே வரிசையில் வைக்கப்பட்டார்கள்.

அங்கேயே இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குழிக்கு மேலே கரி பிரிக்கும் வேலையில் இருந்த பெண்களையும் வெளியேற்ற 1880களில் முயற்சி நடந்தபோது, லங்காஷயர் சுரங்கப் பெண்கள் 1887இல் லண்டன் சென்று உள்துறை அமைச்சரைச் சந்தித்துத் தங்கள் வேலைக்காக வாதாடினார்கள். அந்த முயற்சி கைவிடப்பட்டது. தாங்கள் செய்யும் வேலையைப் பற்றிப் பேசும் வாய்ப்பை அவர்கள் போராடியாவது பெற்றார்கள்.

இந்தியாவில் 1901ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும், அதையொட்டி 1902இல் கல்கத்தாவில் தொடங்கி 1908இல் தன்பாத்துக்கு மாறிய சுரங்க ஆய்வு அலுவலகமும் அரசின் முதல் கட்டுப்பாடுகள். 1923ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சுரங்கத்திலிருந்து விலக்கியது. வாரத்துக்கு நிலத்தடியில் 54 மணி நேரம், மேலே 60 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. பெண்களைத் தடைசெய்யும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. 1919இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் இந்தியா உறுப்பு நாடாக இருந்தது. உலகின் முன்னால் நல்ல பெயர் வேண்டும் என்ற தேவை அரசுக்கு இருந்தது.

சுரங்க முதலாளிகள் தடையை எதிர்த்தார்கள். மனைவி வராவிட்டால் கணவனும் வரமாட்டான், உற்பத்தி விழுந்துவிடும் என்பது அவர்களின் வாதம். மலிவான உழைப்பு கைநழுவிப் போகும் என்ற அச்சமே அதற்குள் இருந்தது. மறுபக்கம் சமூகச் சீர்திருத்தக்காரர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் தடையை ஆதரித்தார்கள். நாட்டின் முதன்மையான பெண்கள் அமைப்பாக வளர்ந்துவந்த அகில இந்தியப் பெண்கள் மாநாடும் ஆதரித்தது. அவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆண் ஈட்டிவர, பெண் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதே நல்ல குடும்பம் என்ற எண்ணம் அவர்கள் எல்லோரிடமும் இருந்தது. சாந்தால், பவுரிப் பெண்களின் வாழ்க்கை எந்தத் தலைமுறையிலும் அப்படி இருந்ததில்லை. 1929இல் நியமிக்கப்பட்டுச் சுரங்கத் தொழிலையும் ஆராய்ந்த அரச தொழிலாளர் ஆணையத்தில் பிரிட்டனைச் சேர்ந்த பெரில் பவர் என்ற ஒரே ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். முதலாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் நாற்காலி போட்ட மேசைகளில் ஒரு காமினுக்கு இடமிருந்ததில்லை.

3. வேலை போனது, சுமை போகவில்லை

1929க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கரிக்கான தேவை சரிந்தது. கிராமங்களில் பிழைப்பற்ற ஆண்கள் வேலை கேட்டுச் சுரங்க வாயிலில் வந்து நின்றார்கள். பெண்கள் இல்லாமல் தொழிலே நடக்காது என்று வாதாடிய முதலாளிகளுக்கு இப்போது பெண்கள் தேவைப்படவில்லை. குடும்பமாக வந்தவர்களுக்குப் பதிலாகத் தனியாக வரும் ஆண்களை வைத்துக்கொள்வது எளிதானது. அவர்களுக்குக் குடும்பத்தோடு தங்கும் வீடு தேவையில்லை. சர்தார்களும் ஒப்பந்தக்காரர்களும் அவர்களை மொத்தமாகக் கொண்டுவந்து மொத்தமாகத் திருப்பி அனுப்பலாம்.

1935இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதைத் தடுக்கும் 45ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதையொட்டி இந்திய அரசு 1939 வரை காத்திருக்காமல் 1937லேயே முழுத் தடையைக் கொண்டுவந்தது. 1938இல் உடன்படிக்கைக்கு ஒப்புதலும் அளித்தது. அந்த உடன்படிக்கையில் சில விதிவிலக்குகள் உண்டு. உடலுழைப்பு செய்யாத நிர்வாகப் பொறுப்பில் உள்ள பெண்கள், மருத்துவ, நலப்பணிகளில் உள்ளவர்கள், படிப்பின் ஒரு பகுதியாக இறங்கும் மாணவிகள் ஆகியோருக்குத் தடை பொருந்தாது. தடை பெண்ணுடலுக்கானது என்றால் நிர்வாகியின் உடலும் பெண்ணுடல்தானே? கூடை சுமக்கும் பெண்ணுக்கே அந்தத் தடை என்பதை விதிவிலக்கே சொல்லிவிடுகிறது. இந்த வரிகளை நினைவில் வைத்துக்கொள்வோம். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு இவற்றை மீண்டும் சந்திப்போம்.

குடும்பத்துக்கு நேர்ந்தது எளிய கூட்டல் கழித்தல்தான். இருவர் சேர்ந்து நிரப்பிய வண்டியை இப்போது ஆண் தனியாக நிரப்ப வேண்டும். அல்லது சுமப்பதற்கு இன்னொரு ஆணைச் சேர்த்துக்கொண்டு கூலியைப் பங்கிட வேண்டும். பெண்கள் வெளியேறினால் ஆண்களின் கூலி உயரும், குடும்பம் அதில் வாழும் என்பது சீர்திருத்தக்காரர்களின் எதிர்பார்ப்பு. மந்த காலத்தில் உயர என்ன இருக்கிறது? வேலையிழந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குக் குழிக்கு மேலே கரி ஏற்றும் வேலையும் பிரிக்கும் வேலையும் கிடைத்தன. மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் வயல் கூலிக்கும் போனார்கள். கரிக்குவியல்களில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி விற்றார்கள். இந்த வேலைகளுக்குச் சுரங்கச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை, ஆய்வாளரும் இல்லை.

4. போர் வந்தபோது மறந்துபோன பாதுகாப்பு

1943இல் இரண்டாம் உலகப் போர் இந்தியாவின் கிழக்கு எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விமானத் தளங்களும் ராணுவச் சாலைகளும் கட்டும் வேலையில் கூடுதல் கூலி கிடைத்ததால் ஆண்கள் சுரங்கத்தை விட்டுப் போனார்கள். கரி உற்பத்தி குறைந்தது. ரயில்களும் ஆயுத ஆலைகளும் நிற்கும் நிலை. அந்த ஆண்டு ஆகஸ்டில் முதலில் மத்திய மாகாணத்திலும், தொடர்ந்து வங்காளம், பிகார், ஒரிசாவிலும் பெண்கள் மீதான தடையை அரசு நிறுத்திவைத்தது. ஒப்புதல் அளித்து ஐந்தே ஆண்டுகளான சர்வதேச உடன்படிக்கையை அரசே மீறியது. பெண்ணுடலுக்குத் தாங்காது என்று சொல்லப்பட்ட குழி, கரி தேவைப்பட்டவுடன் தாங்கக்கூடியதாகிவிட்டது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அகில இந்தியப் பெண்கள் மாநாடு கண்டித்தது. மத்தியச் சட்டமன்றத்தில் பெண்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டிருந்த ரேணுகா ராய் இந்த எதிர்ப்பின் முக்கியக் குரல். சுரங்கப் பெண்களைப் பற்றி மாநாட்டுக்காக ஒரு சிறு நூலும் எழுதினார். ஆண்கள் கூலி போதாமல்தான் போகிறார்கள், கூலியை உயர்த்தாமல் பெண்களை இறக்குவது என்ன நியாயம் என்பது எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்வி. அது நியாயமான கேள்வி.

அரசின் தரப்பில் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் இருந்தது. 1943 டிசம்பரில் தன்பாத் பகுதிக்குச் சென்று சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தவர் அவர். 1944 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் விவாதம் நடந்தபோது, தடைநீக்கம் போர்க்கால அவசரத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்று வாதிட்டார். கூடவே வேறொன்றையும் சுட்டிக்காட்டினார்: நிலத்தடியில் இறங்கும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி தர வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்திருந்தது. ஆண் பெண் வேறுபாடின்றிச் சம வேலைக்குச் சம கூலி என்ற கொள்கை ஒரு தொழிலில் நிலைநாட்டப்படுவது இதுவே முதல்முறை என்றார்.

இந்த விவாதத்தில் யார் சரி, யார் தவறு என்று தீர்ப்பு எழுதுவது எளிது. பெண்ணிய வாசிப்புக்கு அது போதாது. ரேணுகா ராய் தரப்பு, வறுமையால் தள்ளப்பட்டு இறங்குவதை விருப்பம் என்று சொல்லாதீர்கள் என்றது. அம்பேத்கர் முன்வைத்த நிபந்தனையோ, பெண்ணை மனைவியாகவும் தாயாகவும் மட்டும் பார்த்துவந்த சுரங்கச் சட்டத்துக்குள் முதன்முறையாக அவளைக் கூலிக்கு உரிமையுள்ள தொழிலாளியாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டுகளில் சுரங்கப் பேறுகால உதவிச் சட்டத்தைத் திருத்தியதும், நிலக்கரித் தொழிலாளர் நல நிதியை உருவாக்கியதும் அவருடைய துறைதான். இந்த இரண்டு வாதங்களும் ஒன்றுசேர்ந்திருந்தால் நல்ல கூலி, பாதுகாப்பான குழி, காப்பகம், பேறுகால ஊதியம், அதற்குப் பிறகு வேலை செய்வதா வேண்டாமா என்ற பெண்ணின் முடிவு என்று ஒரு சட்டம் பிறந்திருக்கக்கூடும். அது நடக்கவில்லை. போர் முடிந்தது, 1946 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. போருக்காகக் கூடையோடு இறங்கிய பெண்கள் மீண்டும் வெளியே அனுப்பப்பட்டார்கள். இம்முறையும் அவர்களுக்கு மாற்று வேலை பற்றிய ஏற்பாடு இல்லை.

5. விடுதலைக்குப் பிறகு

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தடையை அப்படியே எடுத்துக்கொண்டது. நிலத்தடியில் பெண்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது. மேலே காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே செய்யலாம். சட்டத்தின் முன் சமத்துவம் என்று அரசமைப்பு அறிவித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

காப்பகமும் பேறுகால உதவியும் முதலாளியின் கணக்கில் ‘பெண்ணை வைத்திருப்பதற்கான கூடுதல் செலவு’ என்று எழுதப்பட்டன. பிள்ளை வளர்ப்பு தந்தைக்கும் உரியது என்று சட்டம் கருதியிருந்தால், காப்பகம் தொழிலாளர் அனைவருக்குமான வசதியாக இருந்திருக்கும். அது பெண்களோடு மட்டும் பிணைக்கப்பட்டதால், பெண்களைக் குறைத்தால் செலவு குறையும் என்றாயிற்று. குழிக்கு மேலிருந்த வேலைகளிலும் அவர்களின் எண்ணிக்கை தேய்ந்தது.

1972இல் உருக்காலைகளுக்கான கோக் நிலக்கரிச் சுரங்கங்களும், 1973இல் மற்றச் சுரங்கங்களும் நாட்டுடைமையாயின. தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை, ஓய்வூதியம், மருத்துவமனை, குடியிருப்பு கிடைத்தன. தலைமுறைகளாகச் சுரண்டப்பட்ட தொழிலில் கிடைத்த பெரிய வெற்றி இது. ஆனால் வேலை மதிப்புள்ளதாக மாறிய அந்தக் கட்டத்தில்தான் பெண்கள் இன்னும் வேகமாக வெளியேற்றப்பட்டார்கள். பெண் தொழிலாளர்களுக்கென்று தனி விருப்ப ஓய்வுத் திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. அவள் வேலையை விட்டால் அந்த இடம் அவளுடைய மகனுக்கோ குடும்பத்தின் வேறொரு ஆணுக்கோ கிடைக்கும். பெயர் விருப்ப ஓய்வு. வேலையில்லாத மகன் வீட்டில் இருக்கும்போது தாயின் விருப்பம் என்னவாக இருக்க முடியும்? அவளுடைய வேலை ஒருமுறை கைமாறினால் ஆணிடமிருந்து ஆணுக்கே போகும். திரும்பி ஒரு பெண்ணிடம் வருவது அரிது.

எதிர்த்திசையில் பெண்கள் நிரந்தர வேலைக்குள் நுழைய ஒரு முக்கிய வழி இருந்தது. அது கணவனின் மரணம். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப் பெயர் பெற்ற விபத்துகளுக்கும், செய்தியில் இடம்பெறாத நூற்றுக்கணக்கான சிறு விபத்துகளுக்கும் பிறகு, கருணை அடிப்படையில் கைம்பெண்களுக்கு வேலை தரப்பட்டது. அவர்களில் பலருக்குக் கிடைத்தது தண்ணீர் கொண்டுவருவது, அலுவலகம் கூட்டுவது போன்ற வேலைகள். பாட்டி கரி சுமந்த நிறுவனத்தில் பேத்தி தேநீர்க் குவளை கழுவினாள். பதிவேட்டில் இருவரும் திறனற்ற தொழிலாளர்.

இதற்கிடையே தொழில்நுட்பமே மாறிவிட்டது. இன்று கோல் இந்தியா நிறுவனத்தின் உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே இருட்டுக் குழி இல்லை, கூடையும் இல்லை, எந்திரமே தோண்டி, எந்திரமே அள்ளுகிறது. நிலத்தடித் தடை அங்கே பொருந்தாது. அப்படியானால் பெண்கள் பெருகியிருக்க வேண்டுமல்லவா? நிறுவனத்தின் தொழிலாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. எந்திரப் பயிற்சி ஆண்களுக்கே அளிக்கப்பட்டது. மூன்று ஷிப்டுகளில் ஓடும் சுரங்கத்தில் இரவு வேலைக்குத் தடையுள்ள தொழிலாளியை வைத்துக்கொள்ள நிர்வாகம் விரும்பவில்லை. தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஆபத்தும் உடல்வலுவும் பெருமளவு போய்விட்ட பிறகும், தடை உண்டாக்கிய பழக்கம் நின்றுவிட்டது. சுரங்கம் என்றால் ஆண்களின் இடம் என்று இப்போது நாம் எல்லோரும் நம்புகிறோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜாரியாவில் அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது.

6. யாருக்காகத் திறந்த கதவு

2019இன் தொடக்கத்தில் இந்திய அரசு 46ஆம் பிரிவிலிருந்து விலக்கு அளித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கங்களிலும் மேற்பரப்பு வேலைகளிலும் பெண்கள் இரவிலும் பணிபுரியலாம். நிலத்தடியில் காலை 6 முதல் மாலை 7 வரை, தொடர்ந்து அங்கேயே இருக்கத் தேவையில்லாத தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளைச் செய்யலாம். எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்களாவது இருக்க வேண்டும். 2021இல் ஜார்க்கண்டின் சூரி நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு பெண் சுரங்கப் பொறியாளர் பணியில் சேர்ந்தபோது நாளிதழ்கள் அதை மகிழ்ச்சியோடு வெளியிட்டன. மகிழ வேண்டிய செய்திதான். சுரங்கப் பொறியியல் படிக்கவே பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்ட காலம் இருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண்கள் எல்லா வகை வேலைகளையும் செய்யலாம் என்ற பொதுக் கொள்கையை எழுதியது. 2024 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 45ஆம் உடன்படிக்கையையே ரத்து செய்தது.

ஆனால் 2019 அறிவிக்கையின் சொற்களை 1935 உடன்படிக்கையின் விதிவிலக்குகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1935இலும் நிர்வாகம், 2019இலும் நிர்வாகம். உடலுழைப்பு செய்யும் பெண்ணை வெளியே நிறுத்தி, படித்த பெண்ணை உள்ளே அனுமதிக்கும் கோடு அப்போதும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தது. ‘முதல் பெண்’ என்று நாம் எழுதும்போது, அதே மண்ணின் குழிகளில் இறங்கி ஏறிய பல்லாயிரம் காமின்களை இரண்டாம் முறையாகப் பதிவேட்டிலிருந்து அழித்துவிடுகிறோம். அந்தப் பொறியாளர் முதல் பெண் அல்ல. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தவர்.

அந்தக் காமின்களின் வழித்தோன்றல்களை இன்றும் ஜாரியாவில் பார்க்கலாம். 1916 முதல் நிலத்துக்கடியில் தீ எரிந்துகொண்டிருக்கும் பூமி அது. புகையும் வெடிப்புகளுக்கு இடையில், சுரங்கத்தின் விளிம்பில், விடிவதற்கு முன் பெண்களும் சிறுமிகளும் கூடையோடு கரி பொறுக்குகிறார்கள். அதைச் சுட்டுப் புகை போக்கி, அடுப்புக் கரியாக விற்கிறார்கள். சட்டத்தின் மொழியில் இது திருட்டு. தலைக்கவசம் இல்லை, காப்பகம் இல்லை, பேறுகால ஊதியம் இல்லை, விபத்து நடந்தால் இழப்பீடும் இல்லை. 1929இன் கணக்கு 29இலிருந்து சுழியத்துக்கு வந்து சேர்ந்தபோது கழிக்கப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

பெண்கள் குழிக்குள் இறங்கியாக வேண்டும் என்று கேட்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. மனிதர் யாரும் உயிரைப் பணயம் வைத்துக் கரி வெட்டக் கூடாது. ஆனால் குழி ஆபத்தானது என்றால் அது ஆணுக்கும் ஆபத்தானதுதான். செய்ய வேண்டியது குழியைப் பாதுகாப்பாக்குவது. ஆண்டுக்கு 3 சதவீதம் பெண்களைக் குறைத்த விதியைப் போல, ஆண்டுக்கு இத்தனை சதவீதம் விபத்துகளைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தை மூடு என்று முதலாளிக்கு ஏன் விதி எழுதப்படவில்லை? பெண்ணை அகற்றுவது மலிவு, குழியைச் சீர்செய்வது செலவு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

நிலக்கரியை விட்டு விலகுவது பற்றி இன்று உலகம் பேசுகிறது. இந்தியாவிலும் சுரங்கங்கள் மூடப்படும். மூடப்படும்போது மறுவாழ்வுத் திட்டங்கள் வரும். பயனாளிகளின் பட்டியல்கள் தயாராகும். நிறுவனத்தின் சம்பளப் பட்டியலை வைத்து அவை தயாரானால், அதில் பெண்களின் பெயர்கள் மிகக் குறைவாகவே இருக்கும். நூறாண்டுகளாகச் சட்டங்கள் அவர்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. இந்த வரலாற்றைத் தெரிந்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கரிப் பொறுக்கும் பெண்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் எழுதப்படும், அதை எழுதுபவர் யார் என்பதைத்தான்.